மிஸ்ஸம்மாவின் ஆங்கிலத்தை நான் திருத்திய விதம்

எச்சொல்லும் பிறக்குமுன் இருந்து, எச்சொல்லும் அடங்கியபின் எஞ்சி நிற்கும் அம்பலவாணன் திருவடி துணை. ஏடு பிடித்த கையும் கைப்பேசி பிடித்த கையும் ஒன்றே ஆதலால், இரண்டிலும் நேர்ந்த பிழைகளை ஆனைமுகன் பொறுத்தருள்க.

இன்று ஆனித் திங்கள் உத்திர நன்னாள். கூத்தப்பெருமானுக்குத் திருமஞ்சனம் கண்டு, வீடு திரும்பி இதனை எழுத அமர்ந்திருக்கிறேன். நல்ல நாளில் நற்செய்தியே எழுதவேண்டும் என்பார்கள். நான் எழுதப்போவது என் பிழையைப் பற்றி. அதனால் ஒருவர் தம் வீட்டை இழக்க இருந்தார், இறுதியில் இழக்கவில்லை என்பதால், நாளுக்குப் பொருந்தும் என்று கொள்கிறேன்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் சுரங்கம் ஓடிய காலத்தில் நான் விபத்து அறிக்கை எழுதும் எழுத்தராக இருந்தேன். ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும், கீழே யாருக்கு, எந்த லெவலில், எந்த நேரத்தில், எந்த உறுப்பில் அடிபட்டது என்று ஆங்கிலத்தில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பவேண்டும். எனக்கு அந்த வேலையைப் பழக்கிய தலைமை எழுத்தர் ஒரே விதியைத்தான் சொன்னார்: "படிக்கிறவரு சொரங்கத்து கேஜ்ல ஏறிக் கீழ எறங்கி வந்து பாக்கமாட்டாரு. அதனால சந்தேகத்துக்கு எடம் வெக்காத. வாயால சொல்றமாதிரி எழுதாத." அந்த விதியை நான் இருபத்தேழு ஆண்டுகள் கடைப்பிடித்தேன். என் அறிக்கை ஒன்றுகூட விளக்கம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் வரிசைக்கு எதிரே, ஓடு வேய்ந்த ஒரு பழைய பங்களாவில் மிஸ்ஸம்மா தனியே வாழ்கிறார். ஆங்கிலோ இந்திய மூதாட்டி, வயது எண்பத்தொன்று. ஒருகாலத்தில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்தவர். இப்போது காது மந்தம், கண்ணில் புரை. தொலைபேசியில் பேசுவது கேட்காது; திரையில் முகம் காட்டும் வசதியை ஒருமுறை முயன்றபோது அவர் காட்டியது முழுக்க முழுக்க விட்டத்தை. அவருக்கு உறவென்று எஞ்சியிருப்பவள் இறந்துபோன தமக்கையின் மகள் ஒருத்தி. அவள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கிறாள். வாரம் ஒரு கடிதம் மின்னஞ்சலில் அனுப்புவாள். அதை வாசித்துக் காட்டிப் பதில் தட்டச்சு செய்து வந்த பக்கத்து வீட்டுப் பெண், திருமணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். அந்த இடம் எனக்கு வந்தது.

பதிகம் ஓதிப் பழகிய குரல் ஆதலால் நான் வாசிப்பது அவர் காதில் விழும் என்பதே என் தகுதி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போவேன். பெர்த்தின் கடிதத்தை உரக்க வாசிப்பேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். நான் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, ஒழுங்குபடுத்தி அனுப்புவேன்.

இந்த ஒழுங்குபடுத்துதலில்தான் எல்லாம் நேர்ந்தது.

ஆங்கிலத்தில் இன், ஆன், அப், டவுன், ஆஃப், ஓவர் என்று சிறு சொற்கள் உண்டு. நம் வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டு, அரவமின்றி வேலை பார்ப்பவை. ஆங்கிலத்துச் சிறுசொற்களோ பெயருக்கு முன்னே வந்து நிற்பவை. முன்னே நிற்பவருக்குச் சற்றுப் பொறுப்பு வேண்டும் என்பது என் எண்ணம். மிஸ்ஸம்மாவின் வாயில் அவற்றுக்கு அந்தப் பொறுப்பே இல்லை. பெயரைத் துறந்து தனியே திரிந்தன. வாக்கியத்தின் கடைசியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தன. கடைக்குப் போகிறேன் என்பதற்கு "ஐ ஆம் ஆஃப்" என்பார். எதிலிருந்து, எதை நோக்கி என்று ஒன்றும் இராது. ராபர்ட்சன்பேட்டைக்குப் போவதை "டவுன் டு தி மார்க்கெட்" என்பார். இரண்டு இடங்களில் எது தாழ்வானது என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"இன்னா மேன், மார்க்கெட்டுக்குப் போறதுக்கு சர்வே எடுக்கணுமா?" என்றார்.

முதல் வாரம் அவர் சொன்னது "ஐ ஆம் ஆஃப் மட்டன்." கறிக்கடைக்காரர் எலும்பாகப் போட்டதால் மட்டன் பக்கமே போவதில்லை என்று பொருள். ஆஃப் என்று வெறுமனே எழுதினால் மேலிடம் என்ன விளங்கிக்கொள்ளும்? ஆகவே, மாமிச உணவு உட்கொள்வது இவ்வாரம் முதல் நின்றுவிட்டது என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். கறிக்கடைக்காரர் மூன்றாம் நபர். அறிக்கையில் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் "ஐ ஃபெல் அவுட் வித் தி பால்காரன்" என்றார். இருவருக்கும் சண்டை. பால் விநியோகிப்பவருடன் தொடர்பு அறுந்தது, அதன் விளைவாக வீட்டுக்குப் பால் வருவதில்லை என்று எழுதினேன். சளி பிடித்திருந்தது, "ஐ ஆம் ஓவர் இட்" என்றார் ஒரு வாரம். சளி நோய் கண்டிருந்தது; மீண்டதாக அவரே கூறுகிறார்; மருத்துவச் சான்று இல்லை என்று எழுதினேன். சுறுசுறுப்பாக இருக்கிறேன் என்பதற்கு "அப் அண்ட் அபவுட்" என்று அவர் உற்சாகமாகச் சொன்ன வாரம், படுக்கையிலிருந்து எழுந்து நடமாடும் நிலையில் இருக்கிறார் என்று எழுதினேன். அவர் படுத்திருக்கவே இல்லை என்பதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. எனினும் ஏதோ பொருந்தவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் பட்டது.

"ஏங்க, அந்தம்மா ரெண்டு நிமிசம் பேசுது. நீங்க ஒரு மணி நேரம் அடிச்சிக்கினு கீறீங்க. இன்னா, நெலத்துப் பத்திரமா?"

"ஒழுங்குபடுத்துகிறேன்" என்றேன்.

"அதும் பேச்சு அது பாட்டுக்கு நல்லாத்தான கீது?" என்றாள்.

அதன்பின் வந்த சனிக்கிழமை, நாளெல்லாம் என்ன செய்தீர்கள் என்று பெர்த் கேட்டிருந்ததற்கு, மிஸ்ஸம்மா "ஓ, ஜஸ்ட் பாட்டரிங் அபவுட் தி கார்டன்" என்றார். ரோஜாவுக்குத் தண்ணீர் விடுவது, காய்ந்த இலையைக் கிள்ளுவது, நின்று வானத்தைப் பார்ப்பது, இவற்றை எல்லாம் அந்த ஒரு சொற்றொடர் அடக்கும். அகராதியைப் பார்த்தேன். தோட்டத்தில் குறிப்பிட்ட நோக்கமின்றி அலைந்துகொண்டிருக்கிறார் என்று எழுதினேன். அதே வாரம் பாதிரியார் "ட்ராப்டு இன்." போகிற வழியில் எட்டிப் பார்த்தாராம். பாதிரியார் முன்னறிவிப்பின்றி இல்லத்துக்கு வருகை தந்தார் என்று எழுதி, வந்த நேரத்தையும் சேர்த்தேன்.

இக்கடிதங்களில் ஒரு பொய்கூட இல்லை. அதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

பெர்த்திலிருந்து பதில் மறுநாளே வந்தது. சனிக்கிழமைவரை காத்திராமல் எடுத்துக்கொண்டு ஓடினேன். உரக்க வாசித்தேன்:

"ஆன்ட்டியின் நிலை எனக்குப் புரிகிறது. பெங்களூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் நானே வந்து அழைத்துப் போகிறேன். அதன்பின் வீட்டைக் காலி செய்துவிடலாம். இதுவரை உண்மையை மறைக்காமல் எழுதியவருக்கு என் நன்றி."

மிஸ்ஸம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னா உண்மை மேன்?"

நான் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"நீ எழுதுனத படி. எல்லாத்தியும்."

ஏழு வாரத்துக் கடிதங்களையும் வாசித்தேன். காது கேளாதவருக்கு வாசிப்பதால், தெருவே கேட்கும்படி வாசிக்கவேண்டியிருந்தது. எதிரே எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி வந்து நின்றாள். மாமிசம் நின்றது, பால் நின்றது, படுக்கையிலிருந்து எழுந்தது, நோக்கமின்றி அலைந்தது, பாதிரியார் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டபோதுதான் அவை எந்தத் திசையில் போகின்றன என்பது எனக்கே தெரிந்தது. நாள்தோறும் ஒரு அறிக்கை என்று எழுதியவன் நான். ஏழையும் சேர்த்து வாசித்துப் பழக்கமில்லை.

கடைசிவரை கேட்டுவிட்டு மிஸ்ஸம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பொம்பள இன்னும் ஒரு வாரம் தாங்கமாட்டா மேன். பாவம், யாரு அவ?"

பிறகு சிரிப்பு நின்றது. சுவரைப் பார்த்தபடி, "நான் இந்த ஊட்ட உட்டுப் போகமாட்டேன். நீ கெடுத்தத நீயே சரி பண்ணு" என்றார்.

அன்றே எழுதினேன். பதற்றம் வந்தால் மனிதன் தெரிந்த வழியிலேயே ஓடுவான். முந்தைய அறிக்கைகள் யாவும் திரும்பப் பெறப்படுகின்றன. சம்பந்தப்பட்டவர் நலமாக உள்ளார். தங்கள் வருகை அவசியமன்று என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "நீங்கள் யார்? ஆன்ட்டியை யாரும் பார்க்கக்கூடாது என்று ஏன் நினைக்கிறீர்கள்? வருகிற வெள்ளிக்கிழமையே வருகிறேன்."

"பேஷ். உங்க இங்கிலீசு ஒரு பொம்பளைய ஊட்ட விட்டே கெளப்புது" என்றாள் என் மனைவி. இரண்டு நாள் எனக்குக் காபியில் சர்க்கரை குறைந்தது.

மறுநாள் காலை பூசையில் பதிகம் ஓதிக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் நா தடுக்கி, ஒரு குறிலை நெடிலாக்கிவிட்டேன். வழக்கப்படி நிறுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்கினேன். அருளியவர் வாக்கில் ஓரெழுத்தும் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமையில்லை என்பது சிறுவயது முதல் என் கொள்கை. கோயிலில் பிறர் ஓதும்போதும் விடுவதில்லை. அதனால் சிலர் என்னைக் கண்டால் பிரகாரத்தின் மறுபக்கம் போய்விடுவார்கள். பாட்டை முடித்தபின் நினைத்துப் பார்த்தேன். என்றோ மறைந்த அடியார்களின் சொல்லுக்கு நான் காட்டிய மரியாதையை, எதிர்வீட்டில் தேநீர் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னவரின் சொல்லுக்குக் காட்டவில்லை. அவர் வாக்கியம் ஒவ்வொன்றையும் உடைத்து, வேறு எலும்பு வைத்துக் கட்டினேன். அதுவும் அவர் கேட்காமலே. வெள்ளிக்கிழமை வருகிறவளிடம் இதை நேரில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மிஸ்ஸம்மா காலையிலேயே கிளம்பிவிட்டார்.

"இன்னிக்கு வராங்களே, வீட்ல இருக்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

"பேஷண்ட் மாரி நாற்காலில உக்காந்துகினு காத்துக்கினு இருக்கணுமா? வெள்ளிக்கெழம மேன். மீன் வாங்கணும். ஐ ஆம் ஆஃப்" என்று ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

பதினொரு மணிக்கு வாடகைக் கார் ஒன்று வந்து பங்களாவின் முன்னே நின்றது. இறங்கியவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள். அப்போதுதான் பூசை முடித்திருந்த நான், நெற்றி நிறைய நீறும் கையில் பதிகப் புத்தகமுமாகத் தெருவைக் கடந்து போனேன். சாவுவீட்டில் ஓதப் போகிறவன்போல் அந்தக் கோலத்தில் நான் போயிருக்கக்கூடாது என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். வந்தவள் என் நெற்றியையும் புத்தகத்தையும் பார்த்துவிட்டு, காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி?" என்றாள்.

"மீன் வாங்கப் போயிருக்காங்கம்மா."

"யாரோட?"

"தனியாத்தான். ஷேர் ஆட்டோல."

அவள் இதே தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள்தான். தமிழ் மெல்ல மெல்ல வாய்க்குத் திரும்பியது. "படுக்கையிலேர்ந்து எழுந்து நடக்கிற நெலமைன்னு எழுதினது நீங்கதானே அங்கிள்?"

"நான்தாம்மா. அவங்க சொன்னது அப் அண்ட் அபவுட்."

அவள் என்னையே பார்த்தாள். "தோட்டத்துல நோக்கம் இல்லாம அலையறது?"

"பாட்டரிங் அபவுட்."

"பாதிரியார் வந்தது?"

"ட்ராப்டு இன். கேக்கு சாப்ட்டுட்டுப் போனாரு. சம்பந்தமில்லாத விவரம்னு கேக்க நான் எழுதல."

அவள் பங்களாவின் படியில் உட்கார்ந்துவிட்டாள். விபத்து அறிக்கை எழுதிய என் உத்தியோகத்தைப் பற்றியும், தலைமை எழுத்தரின் விதியைப் பற்றியும் நின்றபடியே சொன்னேன். பிழை முழுதும் என்னுடையது என்றும் அவர் பேச்சில் எந்தக் குறையும் இல்லை என்றும் சொன்னேன். முடித்ததும், "நான் ப்ளேன்ல அழுதுகிட்டே வந்தேன் அங்கிள்" என்றாள்.

ஆட்டோ வந்தது. ஓட்டுநரோடு வாதாடிக்கொண்டே மிஸ்ஸம்மா இறங்கினார். "பாத்து எறங்கு பாட்டி" என்றார் ஓட்டுநர். "யாருக்குப் பாட்டி? ஒன் தாத்தாவக் கேளு, நான் யாருன்னு சொல்வாரு" என்று கூறிவிட்டு, மீன் பையை என் கையில் திணித்துவிட்டு, தமக்கை மகளைக் கட்டிக்கொண்டார். புத்தகத்தையும் மீன் பையையும் ஒருசேர எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். என் மனைவி வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

காரியம் அத்துடன் முடியவில்லை. உணவு மேசையில் உட்கார்ந்ததும் அந்தப் பெண், அத்தனை தூரம் கடந்து வந்தவளுக்குரிய நியாயத்துடன் பேசினாள்.

"இன்னிக்கு நல்லாத்தான் இருக்கீங்க ஆன்ட்டி. நாளைக்கு விழுந்தா? எனக்கு எப்படித் தெரியும்? இந்த அங்கிள் தரையோடு தொடர்பு ஏற்பட்டதுன்னு எழுதுவாரு. நான் அத எப்படி எடுத்துக்கறது? பெங்களூர்ல ரூம் ரெடி. வெள்ளையடிச்சுக்கூட வெச்சுட்டாங்க."

மிஸ்ஸம்மா காதருகே கையைக் குவித்துக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"இங்க நான் ஐ ஆம் ஆஃப்னு சொன்னா, ஆட்டோக்காரன்கூட எங்க போறே, எப்ப வருவேன்னு கேப்பான். அங்க சொன்னா மாத்திர குடுப்பாங்க. எனக்கு காது போச்சு, கண்ணு போச்சு. பேச்சு ஒண்ணுதான் கீது. அது புரியற எடத்துல இருந்துட்டுப் போறேனே."

வெளியே சுரங்கக் கழிவு குவிந்த மண்மேட்டுப் பக்கமிருந்து காற்றடித்து, சன்னல் கம்பிகளில் வெண்புழுதி படிந்தது. என் மனைவி எழுந்து சன்னலைச் சாத்தினாள்.

"அங்கிள், ஃபோன எடுங்க" என்றாள் அந்தப் பெண். "ஆன்ட்டி சொல்லுவாங்க. நீங்க அடிங்க. சொல்றத மட்டும். நான் படிச்சுப் பாக்கறேன். எனக்குப் புரிஞ்சா மட்டுந்தான் மேல பேசலாம்."

ஆக, அந்த வீடு என் விரல் நுனியில் வந்து நின்றது.

மிஸ்ஸம்மா அவளைப் பார்க்காமல், பெர்த்தில் இருக்கும் வேறொருத்திக்குச் சொல்வதுபோலத் தொடங்கினார். பெண் வந்திருக்கிறாள் என்பதற்கு "தி கேர்ள் இஸ் ஓவர்." என்னை அள்ளிக்கொண்டு போக வந்தாள் என்பதற்கு "ஷீ ஹாஸ் கம் டவுன் டு கார்ட் மீ ஆஃப்." கார்ட் என்றால் வண்டி. எதிலிருந்து ஆஃப், எங்கே என்று கேட்க என் நாக்கு எழுந்தது. கேட்கவில்லை. அப்படியே அடித்தேன். எனக்கு அதில் விருப்பமில்லை என்பதற்கு "ஐ ஆம் நாட் அப் ஃபார் இட்." இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு சிறுசொற்கள் அக்கம்பக்கமாக நின்றன, ஒன்றுக்கொன்று என்ன முறை என்று அறியேன். அவற்றை அப்படியே விட்டேன். கடைசியாக "தேர் இஸ் ஃபிஷ் ஆன். ஷீ கேன் ஸ்டே ஆன் இஃப் ஷீ லைக்ஸ்" என்றார். மீன் அடுப்பின்மேல் இருக்கிறது. விரும்பினால் அவளும் தங்கிக்கொள்ளட்டும். அடுப்பு என்ற சொல்லே இல்லாத வாக்கியம். சேர்க்கவில்லை. உண்மையில் அப்போது மீன் பைக்குள்தான் இருந்தது. அதையும் சுட்டிக்காட்டவில்லை.

கைப்பேசியை நீட்டினேன். அவள் வாசித்தாள். பிறகு என் கைப்பேசியிலிருந்தே அதைத் தன் முகவரிக்கு அனுப்பினாள். மேசைமேல் இருந்த அவளுடைய கைப்பேசி ஒலித்தது. அதை எடுத்து, இப்போதுதான் தபாலில் வந்த கடிதத்தைப் பிரிப்பவள்போல, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். வாசித்தபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மாவும் இப்படித்தான் எழுதுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பெங்களூர் இல்லத்துக்கு அவள் அங்கிருந்தே பேசி, அறை வேண்டாம் என்று சொன்னாள். என்னிடம் ஒரு நிபந்தனை வைத்தாள். சனிக்கிழமைதோறும் கடிதம் வரவேண்டும். ஒரு எழுத்தும் மாறக்கூடாது. என் கருத்து ஏதேனும் இருந்தால் தனிக் கடிதமாக, கீழே என் கையெழுத்துடன் வரவேண்டும். ஒரு சனிக்கிழமை தவறினாலும் அடுத்த விமானத்தில் வருவேன் என்றாள். தலையசைத்தேன். அவள் பதினொரு நாள் தங்கி, பால்காரரைச் சமாதானம் செய்துவிட்டுப் போனாள்.

அதன்பின் இதுவரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. தனிக் கடிதம் இரண்டே இரண்டு அனுப்பியிருக்கிறேன். முதலாவது, மிஸ்ஸம்மாவின் வீட்டு ஓடுகளில் நான்கு உடைந்திருக்கின்றன என்று, அது சரிசெய்யப்பட்டது. இரண்டாவது, அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தை உள்ளபடியே அனுப்பியிருக்கிறேன், ஆனால் அதை நான் ஏற்கவில்லை என்று. அதற்குப் பெர்த்திலிருந்து பதில் இல்லை. வாக்கியத்தின் முடிவில் ஒரு சிறுசொல் பற்றுக்கோடின்றி நிற்கும்போதெல்லாம் என் விரல் இன்றும் ஒருகணம் தயங்குகிறது. பிறகு அனுப்பிவிடுகிறேன்.

இதனை வாசிக்கும் யாவர்க்கும் நாவில் சொல்லும் நடையில் வலுவும் குன்றாதிருக்க. அவரவர் சொன்னது சொன்னபடியே கேட்கப்படும் வீட்டில், அடுப்பில் ஏதேனும் ஒன்று வெந்துகொண்டிருக்க, எல்லோரும் நெடிது வாழ்க. கூத்தப்பெருமான் உடனிருக்க.